பச்சைச் சிப்பியும் பழைய ஊசியும்

படகுத்துறையின் மூன்றாம் தூணில் ஒட்டியிருந்த சிப்பிகள் பச்சையாகிவிட்டன. ஊரே அங்கே பெயர்ந்துவிட்டது. நடக்கவே முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஓடிப்போய் முதல் வரிசையைப் பிடித்தார்கள்.

தூணருகே புதுச் சாமியார் பச்சை ஐயா. போன மாதம்வரை வாடகை வீட்டுத் தரகர். "நான் மூச்சு விட்டேன், சிப்பி பச்சை ஆச்சு" என்றார். நாமும்தான் பிறந்ததிலிருந்து மூச்சு விடுகிறோம். ஒரு கத்திரிக்காய்கூட நிறம் மாறியதில்லை. வினிகரில் ஊறிய ஏழு சிப்பி சகல நோய்க்கும் மருந்தாம். காணிக்கை அவரவர் இஷ்டம். இஷ்டம் எவ்வளவு என்று பலகையில் எழுதியிருந்தது.

ஊர்த் தையற்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு மாதக் கர்ப்பிணியான அவள் தங்கை இரண்டு நாளாக அதைத் தின்று, இரண்டு நாளாக வாந்தி எடுத்தாள்.

"கெட்டது வெளிய போகுதாம்க்கா. சுகப்பிரசவம் ஆகுமாம்."

"வெளிய போறது நான் போட்ட சோறுடி!"

உதட்டில் ஊசியைக் கவ்விக்கொண்டே திட்டுவது தையற்காரியின் வழக்கம். அன்று திட்டு கொஞ்சம் பலம். ஊசி நழுவித் தங்கையின் கிண்ணத்தில் ஊறிய சிப்பியில் குத்தி நின்றது. சண்டை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், பூச்சு தேய்ந்த அந்தப் பழைய இரும்பு ஊசி செப்புக் கம்பிபோலச் சிவந்திருந்தது.

துறையை ஒட்டிய பட்டறையில் படகு சுரண்டும் தையற்காரியின் கணவன் ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"செம்புதான். சிப்பில இருந்தது வினிகர்ல கரைஞ்சு இரும்புல படிஞ்சிருக்கு. பாசி ஒட்டக் கூடாதுன்னு படகுக்கு அடியில பூசற பெயிண்ட்ல இருக்கு. சுரண்டறதையெல்லாம் மூணாம் தூண் பக்கம்தான் தள்ளறோம்."

"அது எப்படிச் சிப்பிக்குள்ள போகும்?"

"தண்ணிய வடிகட்டித் திங்கற ஜீவன் அது. வர்ற செம்பையெல்லாம் உடம்புலயே சேத்து வெச்சுக்கும். அதான் பச்சை."

"இத இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே!"

மறுநாள் தையற்காரி துறைக்குப் போனாள். ஒரு கையில் தங்கை, மறுகையில் தூரப் பாறையில் எடுத்த வெள்ளைச் சிப்பிகள். வெள்ளைக்கு ஓர் ஊசி, பச்சைக்கு ஓர் ஊசி. இரண்டுக்கும் ஒரே வினிகர்.

"சந்தேகம் பாவம்மா" என்றார் ஐயா.

"பாவத்தை என் பேர்ல எழுதிக்கங்க. அரை மணி நேரம் பொறுங்க."

கூட்டம் பொறுத்தது. பச்சையில் குத்திய ஊசி சிவந்தது. வெள்ளையில் குத்தியது அப்படியே இருந்தது.

"இந்த வெள்ளைய ஊதிப் பச்சையாக்குங்கய்யா."

ஊதினார். கன்னம் வலிக்க ஊதினார். பச்சையானது அவர் முகம்தான்.

தங்கை தன் கிண்ணத்தை நீட்டினாள். "அப்போ இந்த ஏழையும் நீங்களே சாப்பிடுங்க."

"எனக்கு... இன்னிக்கு வயிறு சரியில்ல."

"வயித்துக்கும் மருந்துன்னு பலகைல போட்டிருக்கே!"

வரிசையே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஐயா பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நழுவிவிட்டார். அக்கா தங்கையை நேரே மருத்துவரிடம் இழுத்துப்போனாள்.

சிப்பிக்கு மூளை கிடையாது. வருவதையெல்லாம் விழுங்கி உள்ளே சேர்த்துவைக்கிறது. வரிசையில் நின்ற நமக்கு என்ன சாக்கு?