மெலிவின் டப்பாவில் போட்டிருந்தது

ராயபுரம் ஸ்டேஷன் வாசலில், பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கைரிக்‌ஷா இழுக்கும் பொன்னுரங்கம் மாசானத்தை உச்சி முதல் பாதம் வரை ஒரு முறை அளந்தான். பிறகு தன் வண்டியை ஒரு முறை பார்த்தான். பிறகு சொன்னான்.

"நைனா, ஒண்ணு பண்ணு. பாதி உடம்ப இப்ப ஏத்து. மீதிக்கு நான் திரும்பி வரேன்."

ரிக்‌ஷா ஸ்டாண்டு மொத்தமும் சிரித்தது. பக்கத்தில் நின்ற மாடுகூடத் திரும்பிப் பார்த்தது.

மாசானம் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து கல்மண்டபத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர். நாற்பத்தாறு வயது. கடையில் கல்லாப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே அவர் உட்கார்ந்துவிட்டால் கொசு நுழைய வழி கிடையாது. ஆனால் மானம் உள்ள மனிதர். மானம் உள்ளவர்களுக்கு வாய் சும்மா இருக்காதே, அதுதான் தொல்லை.

"யாரைப் பாத்துச் சொல்லுத? வே, விஜயதசமி அன்னைக்கு எங்கடையில மூட்டை நிறுக்குத தராசுல ஏறுதேன். ஒரு தட்டுல ஒரு மூட்டை அரிசி. மத்த தட்டுல நான். என் தட்டு எறங்குச்சுன்னா, உன்ன இதே வண்டியில உக்கார வச்சு, இங்கன இருந்து எங்கடை வரைக்கும் நானே இழுத்துட்டுப் போறேன்."

"ஏறிச்சின்னா?"

"மூணு மாசம் என்ன நீ சும்மா கூட்டிட்டுப் போவணும்."

"சரி நைனா. அன்னிக்கு நான் எண்ணெ தேச்சிக் குளிச்சிட்டு வரேன். சாமி கணக்கா ஒக்காரணும்ல" என்றான் பொன்னுரங்கம்.

மாசானம் நடந்தே வீடு வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் சேதி வந்துவிட்டது. மீன்கூடை பவுனம்மாள் வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள், மீனை அல்ல, சேதியை.

பின்கட்டில் தராசில் ஏறி நிறுத்துப் பார்த்தார். ஒரு மூட்டைக்கு மேல் ஐந்து வீசை இருந்தார். விஜயதசமிக்கு நாற்பத்தைந்து நாள் இருந்தது. தோற்றால் ராயபுரம் முழுக்கப் பார்க்க அவர் வண்டி இழுக்க வேண்டும். முன்னே மாசானம், பின்னே காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு பொன்னுரங்கம். நினைத்தாலே வேர்த்தது.

அந்தச் சமயம் பார்த்து வந்தவன்தான் ஏஜெண்டு ரகுபதி. ஜார்ஜ் டவுனில் யாரோ புதிதாக இறக்கிய சரக்கு, பேர் மெலிவின் மாவு. டப்பாவின் மேல் ஒரு வெள்ளைக்கார அம்மாள் படம். இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் அந்த அம்மாளுக்கு ஒரு கோடுதான் இருந்தது.

"நடக்க வேணாம், பட்டினி கிடக்க வேணாம் அண்ணாச்சி. காலையில ரெண்டு கரண்டி, சாயங்காலம் ரெண்டு கரண்டி. சதை கரைஞ்சு ஓடிடும்" என்றான் ரகுபதி.

"எங்க ஓடும்?"

"அது கம்பெனிக்குத்தான் தெரியும். இந்த ஆறு டப்பா உங்களுக்கு மாதிரிக்கு. நீங்க மெலிஞ்சு காட்டுனா, ராயபுரத்துக்கே நம்ம கடைதான் விற்பனை."

மாசானம் டப்பாவோடு உள்ளே போனார். அங்கே தங்கபுஷ்பம் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

தங்கபுஷ்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாசானத்துக்கு மாமன் மகள். அவளும் மளிகைக் கடையில் பிறந்து வளர்ந்தவள். ஒரு பிடி சரக்கை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் போதும், மிளகில் என்ன கலந்திருக்கிறது, பெருங்காயத்தில் எத்தனை பங்கு மாவு என்று சொல்லிவிடுவாள். கொத்தவால்சாவடி மொத்த வியாபாரிகள் மாசானத்திடம்தான் மாதிரி காட்டுவார்கள். ஆனால் அவர்களுடைய கண் முழுக்க உள்கதவில் தொங்கும் திரையின் மேலேயே இருக்கும். திரை அசைந்தால் சரக்குத் திரும்பிப் போய்விடும். மாசானத்துக்கு இதில் வருத்தமே கிடையாது. இப்படி ஒரு கை நம் வீட்டில் இருக்கிறதே என்று பெருமைதான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் அவளுக்கு மேலே. அவருக்கு இங்கிலீஷ் தெரியும். நாலாவது பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவர் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பியவர் அவரேதான்.

"இது என்ன மாவு அத்தான்?"

"மெலிவின். மெலியுறதுக்கு."

"எதுல செஞ்சது?"

"எல்லாம் டப்பாவுல போட்டிருக்குல்லா?"

"என்ன போட்டிருக்கு?"

மாசானம் டப்பாவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். படத்தில் இருந்த அம்மாளின் தயவால் டப்பா தலைகீழாகாமல் தப்பித்தது. "எல்லாம் உசந்த சரக்குன்னு போட்டிருக்கு" என்றார்.

தங்கபுஷ்பம் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தாள். முகர்ந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பது கொத்தவால்சாவடிக்கே தெரியும். மாசானத்துக்குத் தெரியாமல் போனது அவருடைய விதி.

மூன்று நாள் குடித்தார். ரோஜா நிறத்தில் இருந்தது. முதல் வாயில் சீனிப் பாகு, கடைசி வாயில் வேப்பங்கஷாயம். வயிறு தவில் மாதிரி உப்பியது. ஏப்பம் விட்டால் மூஞ்சிப் பவுடர் வாசனை வந்தது. "இன்னா அண்ணாச்சி, காலங்காத்தாலயே வெத்தல போட்டுகினியா, வாயெல்லாம் செவப்பா கீது" என்று பவுனம்மாள் கேட்டுவிட்டுப் போனாள். கரைகிறதுதானே கரைகிறது, கூடக் கொஞ்சம் கரையட்டும் என்று தினமும் கால் வீசை அல்வாவும் சாப்பிட்டார். நாலாம் நாள் தராசில் ஏறினால் அரை வீசை கூடியிருந்தது.

அன்று பிற்பகல் மாடிப்படியில் தங்கபுஷ்பமும் ஃப்ளோராவும் நின்றார்கள். ஃப்ளோரா மாடியில் குடியிருக்கும் சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்தியப் பெண், துறைமுக ஆபீசில் டைப் அடிப்பவள். அவள் கையில் மெலிவின் டப்பா. மாசானத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"மிஸ்டர் மாசானம், இதைக் குடிச்சு இன்னும் நடமாடுறீங்க. யூ ஆர் எ பிரேவ் மேன்" என்றாள் ஃப்ளோரா.

என்ன சொன்னாள் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் "தேங்க்யூ" என்றார்.

மறுநாள் விடிந்ததும் தங்கபுஷ்பம் ஆரம்பித்தாள்.

"அத்தான், டப்பாவுல போட்டிருக்கத ஃப்ளோரா வாசிச்சா. நீங்க முழுசாப் பாக்கலியோ? வெறும் வயித்துல காசிமேட்டுக் கடக்கரை வரைக்கும் நடந்துட்டு வந்துதான் குடிக்கணுமாம்."

"காசிமேடுன்னா போட்டிருக்கு?"

"கடக்கரைன்னு போட்டிருக்கு. நமக்குக் கிட்ட இருக்கது காசிமேடு. ஏன், நீங்க பாக்கலியா?"

பார்க்கவில்லை என்றால் நாலாவது பாரம் என்ன ஆவது? "ஏன் பாக்கல. பாத்தேன். நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார் மாசானம்.

அவ்வளவுதான், அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து டப்பா தினமும் ஒரு சட்டம் போட்டது. விளக்கு வைத்த பிறகு சோறு கூடாது, இரண்டு இட்லிதான். அல்வா தொட்டால் மாவு வயிற்றுக்குள் சண்டை போடும். மூட்டை தூக்குகிற ஆள் வராத நாளில் கடைக்காரரே மூட்டையை நகர்த்தினால் நல்லது. வெள்ளிக்கிழமை மட்டும் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் வரை நடக்க வேண்டும்.

"வெள்ளைக்காரன் டப்பாவுல வெள்ளிக்கெழம எங்க இருந்து வந்துச்சு?"

"அவுகளுக்கு மட்டும் வியாழனுக்கு அப்புறம் நேரா சனியா வருது? நீங்கதான பாத்தேன்னு சொன்னிய."

"பாத்தேன், பாத்தேன்" என்று மாசானம் செருப்பைத் தேடினார்.

ஒரு வாரத்தில் மாவின் நிறம் மங்கியது. இனிப்பும் போய்விட்டது.

"ஏளா, மாவு மண்ணு மாதிரி இருக்கே."

"நாக்கு பழகிட்டுன்னு அர்த்தம். டப்பாவுல போட்டிருக்கு."

"நிறமும் போயிட்டே."

"தொறந்து வச்சா மங்கும்னு போட்டிருக்கு. அதுக்குக் கீழ்வரியில."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுக் கறிக்குழம்பு வாசனை தாங்காமல், மாசானம் தைரியமாக டப்பாவைக் கையில் எடுத்தார். "ஞாயித்துக்கெழம கறிச்சோறு வயிறு நெறையச் சாப்பிடலாம்னு இங்கன போட்டிருக்கு பாரு" என்று ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

தங்கபுஷ்பம் எட்டிப் பார்த்தாள். "அது கம்பெனி விலாசம் அத்தான்" என்றாள் மெதுவாக.

அதற்குப் பிறகு அவர் டப்பாவின் பக்கம் விரலை நீட்டவே இல்லை.

காசிமேட்டு மணலில் தினமும் அவரைப் பார்த்த பவுனம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இன்னா அண்ணாச்சி, டெய்லி வந்து கடலைப் பாத்துகினு நிக்கறே? வூட்ல இன்னா பேஜாரு? எங்கியாவது ஓடிப்போற யோசன இருந்தா சொல்லு, எங்கூட்டுக்காரரு கட்டுமரம் சும்மாதான் கீது."

"நான் போனா கட்டுமரம் தாங்குமா அக்கா?"

பவுனம்மாள் அவரைத் திரும்ப ஒரு தடவை பார்த்தாள். "இப்ப தாங்கும்" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டபின் மாசானம் வீடு வரைக்கும் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

விஜயதசமி வந்தது. ஆயுத பூஜைக்குக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்த தராசில் முதல் சரக்காக மஞ்சளைத்தான் நிறுக்க வேண்டும். மாசானத்துக்கு அவசரம். தங்கபுஷ்பம் விடவில்லை. "மொத மஞ்சள். அப்புறந்தான் நீங்க" என்றாள். மஞ்சள் ஏறி இறங்கியது. ஒரு தட்டில் அரிசி மூட்டையை வைத்தார்கள். வாசலில் பொன்னுரங்கம் எண்ணெய் தேய்த்துக் குளித்து, சலவை வேட்டியும் கழுத்தில் மாலையுமாக நின்றான். வண்டிக்கும் மாலை போட்டிருந்தான். அவனுடைய சொந்தக்காரர்கள் எட்டுப் பேர் ஊர்வலத்துக்குத் தயாராக வந்திருந்தார்கள்.

மாசானம் மறு தட்டில் ஏறி, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடினார்.

தட்டு இறங்கியது. ஆடியது. பிறகு மெல்ல மெல்ல மேலே ஏறி, ஒரு சாண் உயரத்தில் நின்றது.

"மூட்டையப் பிரி. உள்ள கல்லு கில்லு கீதான்னு பாக்கணும்" என்றான் பொன்னுரங்கம்.

"பாத்துக்கிடுங்க" என்று தங்கபுஷ்பமே கட்டை அவிழ்த்தாள். அத்தனையும் அரிசி. பொன்னுரங்கம் கையை விட்டுத் துழாவினான். பிறகு தன் கழுத்து மாலையைக் கழற்றி மாசானத்தின் கழுத்தில் போட்டான். மனிதன் பெரிய மனசுக்காரன்தான்.

மாசானம் தட்டில் இருந்தபடியே பேசினார். "எல்லாம் மெலிவின் மகிமை. இன்னைக்கு இருந்து நம்ம கடையில கெடைக்கும்." அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் ரகுபதி இரண்டு மரப்பெட்டிகளோடு முன்னால் வந்தான். பவுனம்மாள் எல்லோரையும் இடித்துக்கொண்டு வந்தாள். "மொத டப்பா எனக்கு. எம் மருமவ ஒக்காந்த எடத்துலியே கீறா."

"அத்தான், கொஞ்சம் உள்ள வாங்க" என்றது திரை.

உள்ளே தங்கபுஷ்பம் ஒரு புது டப்பாவைத் திறந்து இரண்டு கரண்டி மாவைத் தண்ணீரில் போட்டாள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கூழாகி, பசையாகி, தம்ளரைக் கவிழ்த்தாலும் விழாமல் நின்றது. ஒரு துணியால் அதைத் தொட்டுத் துடைத்துச் சோப்புப் போட்டாள். ரோஜா நிறம் போகவில்லை. ஒரு சிட்டிகையை எறும்பு வரிசைக்கு முன்னால் தூவினாள். எறும்புகள் வந்தன, முகர்ந்தன, சுற்றிக்கொண்டு போயின.

"சீனிச் சத்து இல்லாம வெறுமனே இனிக்கிற மருந்து ஒண்ணு, வயித்துல ஊதுற பசை ஒண்ணு, சாயம் ஒண்ணு. இந்த மூணுந்தான் போட்டிருக்குன்னு ஃப்ளோரா வாசிச்சுச் சொன்னா. மாவுன்னு ஒரு தானியம் கெடையாது. சாயம் துணிக்குப் போடுற சாயம் மாதிரி இருக்கேன்னு அவளுக்கே சந்தேகம்."

"அப்ப நடக்கச் சொல்லி?"

"ஒரு எழுத்தும் போடல."

மாசானம் வாயைத் திறந்தார். நாலாவது பாரம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்.

"ஆறு டப்பாவுல அரை டப்பாதான் நீங்க குடிச்சது. மீதி அஞ்சரை எங்க போச்சுன்னு பாருங்க."

தங்கபுஷ்பம் அலமாரியைக் காட்டினாள். கடைக்கு வேண்டிய காகிதப் பைகள், மூன்று மாதத்துக்கு ஆகும், அடுக்கி வைத்திருந்தாள். "நல்லா ஒட்டுது. கோதுமைப் பசை இதுகிட்ட நிக்காது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீங்க தின்னா நான் பாத்துக்கிடுவேன். பவுனம்மா மருமவ தின்னா யாரு பாப்பா? அவ நம்ம கடைப் பேரை நம்பித்தான கேக்கா?"

மாசானம் கழுத்து மாலையைத் தொட்டுப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ சரக்கை அவள் திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஒருநாளும் அவர் முகம் வாட அனுப்பியதில்லை. இன்றுகூட மாலை கழுத்தில் விழும்வரை காத்திருந்திருக்கிறாள். வெளியே வந்தார்.

"ரகுபதி, பெட்டி ரெண்டையும் எடுத்துட்டுப் போயிருங்க."

"அண்ணாச்சி, நீங்களே சாட்சியா நிக்கிறீங்களே."

"சாட்சிதான், அதனாலதான் சொல்லுதேன். சரக்கு சாப்பிடுறதுக்கு இல்ல. பேப்பர் ஒட்டுறதுக்கு வேணும்னா சொல்லி அனுப்புதேன்."

பவுனம்மாள் விடுவதாக இல்லை. "அப்ப எம் மருமவளுக்கு?"

"காலையில கடக்கரை வரைக்கும் நடக்கச் சொல்லுங்க அக்கா."

"நான் சொன்னா கேப்பாளா? டப்பா சொன்னாதான் கேப்பா. காலி டப்பாவாவது ஒண்ணு குடு."

தங்கபுஷ்பம் திரைக்கு வெளியே கையை மட்டும் நீட்டி ஒரு காலி டப்பாவைக் கொடுத்தாள். பவுனம்மாள் அதை இடுப்பில் சொருகிக்கொண்டு போனாள்.

கூட்டம் கலைந்தது. மாசானம் மாலையைக் கழற்றி மாட்டிவிட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார். ஒரு கணக்கு மட்டும் அவருக்கு உதைத்தது.

"ஏளா, அந்த மாவெல்லாம் பைக்குப் போச்சுன்னா, இத்தனை நாளா நான் என்னத்தக் குடிச்சேன்?"

"நம்ம கடைக் கொள்ளுதான். வறுத்து மாவாத் திரிச்சு வச்சிருந்தேன்."

"கொள்ளா? அது ஜட்கா குதிரைக்கு வாங்கிட்டுப் போறதுல்லா?"

தங்கபுஷ்பம் அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமலே சொன்னாள். "ஒருவேள தோத்துட்டியன்னா வண்டி இழுக்கணும்லா அத்தான், அதுக்கும் தெம்பு வேண்டாமா?"