மாமனார் வீட்டு ஏழு பாட்டன்மார்

எங்கள் பெரியப்பா ஒரு கல்யாண விருந்தில் எழுந்து நின்று, "புது இடத்துல நீ யாருன்னு கேட்டா..." என்று ஆரம்பித்தார். அதற்குள் குதிரைக் கறி வந்துவிட்டது. மீதி என் காதில் விழவில்லை.

அயல்நாட்டு ஓம்ஸ்க் நகரில் பாதி வாழ்நாளைக் கழித்துவிட்டுச் சொந்த ஊரான அல்மாத்திக்குத் திரும்பியவன் நான். நகரத்துக்குள் வாடகை ஆளை உயிரோடு விழுங்கும். ஆகவே கஸ்கெலென் புறநகரில், லிஃப்ட் இல்லாத ஐந்தாம் மாடியில், ஒற்றை அறை வீடு. என் ராஜதந்திரம் முழுவதும் அந்த ஒற்றை அறையில்தான் இருந்தது. இரண்டாவது அறை இருந்தால் அதில் மாமியார் இருப்பார். இல்லாத அறையில் எப்படி இருப்பார்? மேலும், அவருடைய முழங்கால் ஐந்து மாடி தாங்காது.

என் மனைவி ஷோல்பான் மறுபேச்சில்லாமல் சம்மதித்தாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

"நீங்க மேல போய்ப் பேசிட்டிருங்க. டாக்சிக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றேன்" என்று கீழேயே நின்றுவிட்டாள்.

வீட்டுக்காரி குல்பாஷ் அக்கா எனக்குத் தேநீர் ஊற்றினார்.

"பல பேரு கேட்டுட்டுப் போயிருக்காங்க. எங்க மத்தாய் குலத்து ஆளுன்னாத்தான் குடுப்பேன். தம்பி எந்தக் குலம்?"

"மத்தாய்!"

"அட! எங்க, ஏழு பாட்டன் பேரைச் சொல்லு."

எனக்குத் தெரிந்த மத்தாய்ப் பாட்டன்மார், மாமனார் விருந்துக்கு விருந்து ஒப்பிக்கும் பாட்டன்மார்தான். ஏழு பேரையும் மூச்சுவிடாமல் இறக்கினேன். அக்கா சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

ஷோல்பான் உள்ளே வந்தாள்.

"நீ எந்தக் குலம்மா?"

"மத்தாய்க்கா."

அக்காவின் கோப்பை பாதி வழியில் நின்றது. "பாட்டன்மாரு?"

நான் இருமினேன். கண்ணடித்தேன். மேசைக்கடியில் காலை மிதித்தேன். மிதிபட்டது அக்காவின் கால். ஷோல்பான் அதே ஏழு பேரை, அதே வரிசையில், என்னைவிடத் தெளிவாகச் சொன்னாள்.

"ஐயையோ! அண்ணனும் தங்கச்சியுமா குடும்பம் நடத்துறீங்க?"

சாவி அக்காவின் மடிக்குப் போனது. ஏழு தலைமுறைக்குள் கல்யாணம் என்றால் எங்களிடம் வீடு மட்டுமல்ல, குடிக்கத் தண்ணீரும் கிடைக்காது.

"இல்லக்கா! நான் அர்கின் குலம். சும்மா சொன்னேன்..."

"பாட்டனையே மாத்துற ஆளு பேச்சை எவ நம்புவா? எந்திரி!"

"உக்காருங்கக்கா" என்றாள் ஷோல்பான், அலுங்காமல். "இவரு மத்தாய் வீட்டு மாப்பிள்ளை. பொண்ணைப் பெத்த அம்மாவே வந்து சொன்னா நம்புவீங்களா?"

"நம்புவேன். எங்க அவங்க?"

"கீழ, எங்க பின்னால வந்த டாக்சியில. பெட்டியோட."

எனக்குத் தேநீர் புரையேறியது.

"பெட்டியா? உங்கம்மா எதுக்குடி வந்தாங்க?"

"போன வீட்டுக்காரர்கிட்டயும் கதை விட்டீங்க. இங்கயும் விடுவீங்கன்னு தெரியாதா? சாட்சிக்கு ஒரு ஆளு வேணாமா?"

"அந்தம்மா இங்கயே இருக்கட்டும்" என்றார் அக்கா. "இந்த ஆளுக்கு எப்பவும் ஒரு சாட்சி வேணும். அப்பத்தான் சாவி."

"ஒரே அறைதானேக்கா!"

"நீ சமையல்கட்டுல படு."

பெரியப்பா பேச்சின் மீதி என்னவாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

படியிறங்கினேன். முதலில் பெட்டியைத் தூக்கி வருவது, அடுத்து மாமியாரை என்று முடிவு செய்தேன்.