ரத்தப்பல்லின் கூட்டத்தில் ஒரு புது ஓநாய்

ஒரு காட்டில் கூர்நாசி என்று ஓர் ஓநாய் இருந்தது. பெயருக்கேற்ற மூக்கு அதற்கு. மேட்டுக்கு அப்பால் மான் ஒன்று இளைப்பாற உட்கார்ந்தால், அது ஆணா பெண்ணா, எந்தக் காலில் நொண்டுகிறது என்பது வரை காற்றே வந்து கூர்நாசியிடம் சொல்லிவிடும்.

அப்படிப்பட்ட மூக்கு இருந்தும் கூர்நாசி பட்டினி கிடந்தது. மூக்கு மானைக் கண்டுபிடிக்குமே தவிர, பிடிக்காது. பிடிப்பதற்குக் கூட்டம் வேண்டும். ஒன்று விரட்ட வேண்டும், ஒன்று மடக்க வேண்டும், ஒன்று பாய வேண்டும். ஓநாய்க்குலம் தோன்றிய நாளிலிருந்து இதுதான் முறை.

கூர்நாசியின் கூட்டம் எங்கும் ஓடிப்போகவில்லை. தண்ணீர்த் தொட்டி ஓரமாகத்தான் படுத்துக் கிடந்தது.

கோடையில் விலங்குகள் குடிப்பதற்காக அங்கே ஒரு தொட்டி கட்டி, மோட்டார் ஓடுவதற்குச் சூரிய மின்தகடும் வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு வயரை இழுத்தால் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏறும் என்பதைக் குரங்குகள் கண்டுபிடித்தன. கைப்பேசிகளையும் குரங்குகளே கொண்டுவந்தன. அருவிக்கு வருகிறவர்கள் படம் எடுப்பதற்காகக் கைப்பேசியை நீட்டுவார்கள். குரங்குகள் வாங்கிக்கொள்ளும்.

கூர்நாசி காலில் முள் ஏறிக் குகையில் கிடந்த காலத்தில் இவ்வளவும் நடந்து முடிந்துவிட்டது. புண் ஆறி அது நொண்டி நொண்டி வெளியே வந்தபோது, ஓநாய்கள் எல்லாம் ‘ஓநாய்க் கூட்டம்’ என்ற விளையாட்டில் சேர்ந்திருந்தன. திரைக்குள் ஒரு காடு. அந்தக் காட்டுக்குள் மான்கள். அந்த மான்களைத் திரைக்குள் ஓநாயாகி விரட்ட வேண்டும்.

கூர்நாசி தன் அக்கா மடிச்செவியிடம் போயிற்று. அந்தக் காட்டிலேயே வேகமான கால்கள் மடிச்செவிக்குத்தான். இப்போது அந்தக் கால்களை மடக்கி, அவற்றின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்திருந்தது.

“அக்கா, பசிக்குது. வா, மான் பிடிக்கலாம்.”

“நானே மான் வேட்டையிலதான்டா இருக்கேன். தொந்தரவு பண்ணாதே.”

அந்த நேரத்தில் ஒரு புள்ளிமான் மேய்ந்துகொண்டே வந்து, மடிச்செவியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தது.

“ஏனுங்க, சோத்தாங்கைப் பக்கம் ஒண்ணு ஓடுது பாருங்க. விட்டுறாதீங்க!”

“ரொம்ப நன்றிங்க” என்றது மடிச்செவி, தலை நிமிராமல்.

கூர்நாசி அந்தப் புள்ளிமான் மேல் பாய்ந்தது. மான் ஓரெட்டுத் தள்ளி நின்றது. கூர்நாசி புழுதியில் விழுந்ததும் மான் பழைய இடத்துக்கே திரும்பி வந்து வேட்டையை வேடிக்கை பார்த்தது. வேட்டை முடிந்தது. மடிச்செவி மூன்று மான்களைக் கொன்ற களைப்பில், பக்கத்துப் புதரில் இலந்தைப்பழம் பொறுக்கித் தின்றது.

“அக்கா, இது பழம்.”

“தெரியுதுடா. உனக்கு ஏதாச்சும் சொல்லணும்னா கூட்டத்துல வந்து சொல்லு. தலைவர் ரத்தப்பல் சரின்னு ஒரு வார்த்தை சொன்னார்னா, நாங்க எல்லாரும் எந்திரிச்சு உன்கூட வர்றோம்.”

“யாரு அந்த ரத்தப்பல்? எங்கே இருக்காரு?”

“யாருக்குத் தெரியும்? வடக்கே பனிமலையில இருக்காருன்னு பேசிக்கிறாங்க. நேர்ல பார்த்தா நடுங்கிப் போயிருவோமாம்.”

சரி, ரத்தப்பல்லிடமே கேட்டுவிடுவது என்று கூர்நாசி முடிவு செய்தது. தேன்கூடு இருக்கும் மரத்தை மோப்பம் பிடித்துக் காட்டியதற்குக் கூலியாக ஒரு குரங்கு அதற்குக் கைப்பேசி கொடுத்தது. கூர்நாசி மூக்கு நுனியால் திரையைத் தொட்டது. ஈரம் பட்டதும் திரை தாறுமாறாக ஓடியது.

“மூக்கைக் காய வச்சுக்கிட்டுத் தொடுங்கண்ணே. மண்ணுல நல்லாத் தேய்ங்க” என்றது குரங்கு.

“காய்ஞ்சா மோப்பம் போயிருமே?”

“உள்ளே ஏதுங்கண்ணே மோப்பம்?”

கூர்நாசி மூக்கை மண்ணில் தேய்த்துவிட்டு விளையாட்டில் சேர்ந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் மூன்றாவது படிக்கு ஏறும்வரை கூட்டத்தில் வாய் திறக்க முடியாதாம். படிக்க மட்டும் செய்யலாம். படிப்பதற்கு ரத்தப்பல் எழுதி வைத்திருந்தது.

“புதுசா வந்தவங்க கவனிங்க. எடுத்த எடுப்பில மானுக்குப் போகாதீங்க. கீழே கிடக்கிற எலும்பைப் பொறுக்குங்க. தாகக் கோடு சிவப்பாகறதுக்கு முன்னாடி ஆத்துக்குப் போயிருங்க. முன்னால ஓடுறவன் வாலைப் பார்த்தே ஓடுங்க. சாயங்கால ஊளையை மட்டும் எக்காரணம் கொண்டும் மறந்துறாதீங்க. பாயும்போது பின்னங்கால் சதையைத்தான் கவ்வணும், கழுத்துக்குப் போகக் கூடாது. நிஜ ஓநாய் அப்படித்தான் செய்யும். நான் பார்த்திருக்கேன்.”

சொன்னதெல்லாம் சரிதான். ஆனாலும் ஓர் ஓநாய் ‘பார்த்திருக்கிறேன்’ என்றா சொல்லும்? கூர்நாசிக்கு ஏதோ உறுத்தியது. காய்ந்த மூக்கை வைத்துக்கொண்டு அது என்னவென்று பிடிபடவில்லை.

எலும்பு பொறுக்குவது கழுதைப்புலியின் வேலை என்று வளர்ந்த உடம்பு அது. இருந்தாலும் பொறுக்கியது. நடுவில் தாகம் எடுத்தது. எழுந்து போய்த் தொட்டியில் வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்து பார்த்தால், திரைக்குள் இருந்த கூர்நாசி தாகத்தால் செத்துக் கிடந்தது. முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. சாயங்காலம் வந்தது. மறக்கக் கூடாது என்ற கவனத்தில் கூர்நாசி தலையை உயர்த்தி, கண்ணை மூடி, மலை எதிரொலிக்க ஊளையிட்டது. தொட்டி ஓரத்தில் இருந்த ஓநாய்கள் எல்லாம் திடுக்கிட்டு நிமிர்ந்தன.

“எவன்டா அவன் காட்டுமிராண்டி? சத்தம் போடாம ஊளையிடத் தெரியாதா?”

“பொத்தானை அழுத்துடா!” என்று பல்லைக் கடித்தது மடிச்செவி.

எப்படியோ தட்டுத் தடுமாறி இரண்டாவது படிக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு பெரிய வேட்டையில் கலந்துகொண்டால் மூன்றாவது படி. வாய் திறக்கலாம், ரத்தப்பல்லிடம் கேட்கலாம். அந்த வேட்டையும் வந்தது. ஓநாய்கள் எல்லாம் முன்னே பாய்ந்து ஓடின. கூர்நாசி மட்டும் ஒரு புதர் மறைவில் பதுங்கிக்கொண்டது. தன் வாடை மானுக்குப் போகாமலிருக்கக் காற்று திசை மாற வேண்டும். மாறட்டும் என்று காத்திருந்தது. நல்ல ஓநாய் அப்படித்தான் காத்திருக்கும்.

அந்தக் காட்டில் காற்று கிடையாது என்பது அதற்குத் தெரியாது.

மான் செத்தது. கறி பங்கு போட்டாயிற்று. கூர்நாசி இன்னும் காத்திருந்தது. கடைசியில் ரத்தப்பல்லின் செய்தி வந்தது: “இந்தக் கூர்நாசிக்கு ஓநாயோட லட்சணம் ஒண்ணுகூடக் காணோம். வெளியேத்தறேன்.”

“நம்ம குடும்பத்துக்கே தலைக்குனிவுடா” என்றது மடிச்செவி. அப்போதும் அது தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை.

கூர்நாசி தன் கைப்பேசியைத் தொட்டியில் தூக்கிப் போட்டது. ‘வானம் பிளந்து மழை கொட்டட்டும். இந்தக் கைப்பேசி எல்லாம் நனைந்து நாசமாகட்டும். என் கூட்டம் எனக்குத் திரும்பக் கிடைக்கட்டும்’ என்று வேண்டிக்கொண்டு, தனியாக நடந்தது.

தனி ஓநாய்க்கு மான் கிடைக்காது. ஆடு கிடைக்கலாம். காட்டை ஒட்டிய மேட்டில் ஓர் ஆட்டுப்பட்டி இருந்தது. அதில் செவலை என்று ஒரு வெள்ளாடு, மந்தையை விட்டு விலகி, உடைமரத்தின் கீழ் தலையைக் குனிந்து நின்றது. மேய்கிறது என்று நினைத்துக்கொண்டு கூர்நாசி வயிறு தரையில் உரச ஊர்ந்து போயிற்று. பாய வேண்டிய தொலைவு வந்தது. பின்னங்கால்களை இறுக்கியது.

அப்போது ஓர் ஊளை கேட்டது. ரத்தப்பல்லின் ஊளை. தொட்டி ஓரத்தில் எல்லாக் கைப்பேசிகளிலும் சாயங்காலம்தோறும் ஒலிக்கும் அதே ஊளை, இப்போது ஆட்டின் கழுத்தடியிலிருந்து வந்தது.

ஆட்டின் கழுத்துக் கயிற்றில், மணி தொங்க வேண்டிய இடத்தில், ஒரு கைப்பேசி தொங்கியது. செவலை அதைப் பாறைமேல் சாய்த்து வைத்து, மேலுதட்டால் தடவிக்கொண்டிருந்தது.

“நீயா ரத்தப்பல்?”

செவலை திரும்பவில்லை. “கொஞ்சம் பொறு. சாயங்கால ஊளையில இன்னும் ரெண்டு பேர் பாக்கி... உங்க அக்கா போட்டுட்டா. ம், முடிஞ்சது. இப்பச் சொல்லு. கூட்டத்துக்கு வெளியே திரியறது கூர்நாசி ஒருத்தன்தானே? காத்துக்குக் காத்திருந்த ஆளு?”

கூர்நாசிக்குப் பாய வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. “ஆட்டுக்கு எப்படி ஓநாயைப் பத்தி இவ்வளவு தெரியும்?”

“ஓநாயைப் பத்தி ஓநாய்க்கு என்னப்பா தெரியும்? நீங்க பாட்டுக்கு வந்து தின்னுட்டுப் போயிருவீங்க. எங்க வம்சத்துல பரம்பரை பரம்பரையா உங்களைப் பத்தி மட்டும்தான் பேச்சு. எங்க அம்மா, பின்னங்கால் சதையைக் காட்டாதேன்னு சொல்லித்தான் எனக்குப் பால் கொடுத்தா.”

“அதுக்காகத் தலைவராகணுமா?”

“உங்க ஆளுங்க தொட்டிகிட்ட உக்காந்திருக்கிற வரைக்கும் எங்க பட்டியில குட்டி குறையாது பாரு.”

கூர்நாசி பல்லைக் காட்டியது. “இப்பக் குறையும்.”

“தாராளமாத் தின்னு” என்றது செவலை. “ஆனா ஒண்ணு. நாளைக்குச் சாயங்கால ஊளை இந்தக் கைப்பேசியில இருந்து வரணும். வரலேன்னா கூட்டம் கலைஞ்சிரும். எல்லாரும் முதல் படிக்கு வந்துருவாங்க. உங்க அக்கா இப்ப நாப்பதாவது படியில நிக்கிறா.”

“கலையட்டும்! அதைத்தான் நானும் வேண்டிக்கிட்டிருக்கேன்.”

“கலைஞ்சா உங்கக்கா உன்கூட வேட்டைக்கு வருவாளா, இல்ல, கலைச்சவனை வேட்டையாட வருவாளா?”

கூர்நாசிக்கு மடிச்செவி பல்லைக் கடித்தது நினைவுக்கு வந்தது.

“அப்படின்னா ஒரு வார்த்தை சொல்லு. எல்லாரும் நிஜ வேட்டைக்குக் கிளம்புங்கன்னு சொல்லு. தலைவர் சொன்னா வர்றோம்னு அக்கா சொன்னா.”

செவலை முதன்முறையாகச் சிரித்தது. “வேட்டைக்குக் கிளம்புங்கன்னு ஆடு சொல்லணுமா? நல்லாருக்குப்பா. நான் வேற ஒரு வார்த்தை சொல்றேன். உன்னைத் திரும்பச் சேர்த்துக்கறேன். எலும்பு பொறுக்க வேண்டாம், படி ஏற வேண்டாம். நேராத் துணைத்தலைவர்.”

கூர்நாசியின் வாய் மெல்ல மூடிக்கொண்டது. வயிறு இரைந்தது. அதைப் பொருட்படுத்தாமல் கேட்டது:

“அக்காவுக்கு மேலயா?”

“அக்காவுக்கு மேல.”

“நான் என்ன செய்யணும்?”

“பட்டிக்குக் காவல் இருக்கணும். வெளியூர் ஓநாய் ஏதாச்சும் வந்தா விரட்டணும். ஆட்டுக்காரர் வைக்கிற கம்பங்கூழ்ல மிச்சம் இருக்கும், உனக்குத்தான்.”

“கூழா?”

“உங்க அக்கா இலந்தைப்பழம்தானே தின்னுறா?”

கூர்நாசி ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்தது. “உன்னை என்னன்னு கூப்பிடறது?”

“எப்பவும் போலத் தலைவரேன்னே கூப்பிடு.”

அன்றிலிருந்து கூர்நாசி உடைமரத்தடியில் இருந்தது. செவலை பழைய கைப்பேசி ஒன்றை அதற்குக் கொடுத்தது. துணைத்தலைவர் வாய் திறந்தால் கூட்டமே கேட்டது. புதியவர்களுக்கு யோசனை சொல்லும் வேலையையும் அதற்கே செவலை விட்டுக்கொடுத்தது. “மூக்கை நன்றாகக் காய வைத்துக்கொள்ளுங்கள். காற்றுக்காகக் காத்திருக்காதீர்கள்” என்று கூர்நாசி எழுதியது. ஒரு நாள் மடிச்செவி தனியாக ஒரு செய்தி அனுப்பியது: “தம்பி, இப்பத்தான்டா நீ ஓநாய் மாதிரி இருக்கே.” கூழ்ச்சட்டியை நக்கிக்கொண்டே கூர்நாசி அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. அக்கா தன்னிடம் இத்தனை அன்பாகப் பேசி எவ்வளவு காலம் ஆயிற்று!

நிஜ வேட்டைக்கு வா என்று அக்காவிடம் கேட்க வேண்டும் என்பது அவ்வப்போது நினைவுக்கு வரும். கேட்டால் துணைத்தலைவர் பதவி போய்விடுமே என்பதும் கூடவே நினைவுக்கு வரும்.

ஐப்பசி வந்தது. கூர்நாசி என்றோ வேண்டிக்கொண்டபடியே ஒரு சாயங்காலம் வானம் பிளந்தது.

செவலை அப்போது உடைமரத்தை விட்டுத் தள்ளி, ஒதுங்க ஒரு மரமும் இல்லாத மேட்டின் நடுவில் நின்றது. ஆட்டுக்காரர் மற்ற ஆடுகளைப் பட்டிக்கு ஓட்டிப்போய்விட்டார். ஊளை நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் தொங்கிய கைப்பேசியின்மேல் முதல் துளி விழுந்தது. பிறகு இரண்டாவது துளி. செவலை அதைத் தன் தாடிக்கு அடியில் ஒளிக்கப் பார்த்தது. தாடி போதவில்லை.

உடைமரத்தடியிலிருந்து கூர்நாசி பார்த்தது. அது செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா நின்றால் போதும். மழை தானாகக் கைப்பேசியை நனைக்கும். கைப்பேசி செத்துவிடும். ஊளை வராது. கூட்டம் கலையும். ஒருவர்மேலும் பழி வராது, மழையின்மேல்தான் வரும். அக்காவின் கால்கள் மறுபடியும் ஓடும். அது ஆசைப்பட்டதெல்லாம் கேட்ட விதத்திலேயே வானத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

கூர்நாசி அழத் தொடங்கியது.

“ஐயோ, நனையுதே! தலைவர் நனையுறாரே!” என்று வாய்விட்டுக் கதறிக்கொண்டு மேட்டின் நடுவை நோக்கி ஓடியது. அதன் கால்கள் அவ்வளவு வேகமாக ஓடிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஓடிப்போய் ஆட்டின்மேல் நான்கு கால்களையும் அகட்டி, குடைபோல் கவிந்து நின்றுகொண்டது. ஓநாயின் வயிற்றுக்கடியில் ஈரம் படாத இடத்தில் செவலை தலையைத் தாழ்த்தி, மேலுதட்டால் பொத்தானை அழுத்தியது. கைப்பேசி ஊளையிட்டது. கீழே தொட்டிப் பக்கம், புதர்களுக்கடியில் ஒண்டிக்கொண்டு, சத்தமில்லாமல், கூட்டம் முழுவதும் பதில் ஊளை அழுத்தியது.

உடைமரத்தில் ஒண்டியிருந்த காகம் ஒன்று இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்த பெண் காகத்திடம் சொன்னது:

“ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுவுது பாரு. என்னா நடிப்பு!”

“எல்லாம் ஆட்டைத் திங்கத்தான்” என்றது பெண் காகம்.

மழை விடவில்லை. கூர்நாசியும் விடவில்லை.

நீதி: ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால் நம்புங்கள். நம்புவதற்குக் கஷ்டமாக இருந்தால், ஆட்டின் கழுத்தில் என்ன தொங்குகிறது என்று பாருங்கள்.