மைனஸ் சர்க்கரை

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. துறைமுக குடோனுக்குப் போய், கப்பல்ல வந்த பத்து லாட்டுப் பருத்திப் பஞ்சுல, லாட்டுக்கு ஒண்ணா பத்துப் பை சாம்பிள் எடுத்துட்டு மில்லுக்குத் திரும்பணும்.

அம்புட்டுதான்.

எழுபதுகளோட கடைசி. தூத்துக்குடில ஒரு நூல் மில்லு லேப்ல நான் கெமிஸ்ட். பி.எஸ்ஸி. முடிச்ச திமிரு வேற.

பஞ்சுல சர்க்கரை இருக்கும், தெரியுமா? செடில பூச்சி உக்காந்து விட்டுட்டுப் போற இனிப்பு. ஜாஸ்தியானா பஞ்சு பிசுபிசுன்னு உருளைல ஒட்டி மில்லே நின்னுரும். முன்னல்லாம் பஞ்சை அலசி, அந்தத் தண்ணில மருந்து ஊத்திக் காய்ச்சி, நிறம் மாறுதான்னு பாப்போம். அரை நாள் போயிரும்.

இப்ப புது மெஷின் வந்திருந்துச்சு. நியர் இன்ஃப்ராரெட்டுன்னு கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தைப் பஞ்சு மேல அடிக்கும். எவ்வளவு திரும்பி வருதுன்னு பாத்து, சர்க்கரை இவ்வளவுன்னு நம்பர் காட்டும். ரெண்டே நிமிஷம்! மெட்ராஸ்ல இருந்து வந்த இன்ஜினியர் நடராஜன் ஒரு மாசம் எங்ககூட உக்காந்து, நாங்க காய்ச்சிப் பாத்த பஞ்சையெல்லாம் அதுக்குக் காட்டிக் காட்டிப் பழக்கியிருந்தாரு.

மேனேஜருக்கு நம்பிக்கையே இல்ல.

"நாலு மணிக்குள்ள பத்துக்கும் நம்பர் சொல்லட்டும். உளறுச்சு, இன்னிக்கே பெட்டியைக் கட்டி அனுப்பிருதேன்"னுட்டாரு. நடராஜன் மெஷினை இன்னொரு தடவை போட்டுப் பாத்தாரு.

சாம்பிள் எடுத்து அந்தோணி அண்ணனோட சைக்கிள் ரிக்‌ஷாவுல வச்சேன். வழியில ரயில்வே கேட்டு அடைச்சிருந்துச்சு. வெயிலு மண்டையைப் பொளக்குது. ஒரு சோடா குடிச்சா என்னன்னு இறங்கினேன்.

குடிச்சுட்டுத் திரும்பினா, ஏழாம் நம்பர் பைக்குள்ள ஒரு ஆட்டுத் தலை!

"அண்ணே! ஆடு!"

கேட்டையே பாத்துக்கிட்டிருந்த அந்தோணி அண்ணன், "ஆமா, ஆடுதான்"னாரு.

நான் பையை இழுக்க, ஆடு பையை இழுக்க, தின்னது போக மிச்சப் பஞ்சு உப்பளத்துப் பக்கமா பறந்துட்டு. மத்த ஒன்பது பையை மோந்துகூட பாக்கல அந்தச் சனியன்.

"திரும்ப குடோனுக்கு விடட்டா?"

"சாப்பாட்டுக்குப் பூட்டியிருப்பாவ அண்ணே. தொறக்க மூணரை ஆவும்."

ஆடு தின்னுட்டுன்னு மேனேஜர்ட்ட எப்படிச் சொல்ல? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட அப்படிச் சொல்லாதே! எதிர்த்தாப்ல பாத்தா ஒரு மெத்தைக் கடை. வாசல்ல மலை மாதிரி வெள்ளைப் பஞ்சு.

"அண்ணாச்சி, ஒரு கை பஞ்சு தருவியளா?"

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பாத்தாரு. "ஏளா பிள்ள, ஒரு கைப் பஞ்சுல யாருக்குத் தலவாணி? கோழிக்கா?"

சிரிச்சு மழுப்பி வாங்கிட்டு வந்துட்டேன்.

லேப்ல ஆறு பை வரைக்கும் மெஷின் ஒழுங்கா நம்பர் சொல்லுச்சு. நடராஜன் ஏழாம் நம்பர் வச்சாரு. செவப்பு எழுத்துல வந்துச்சு: மைனஸ் ரெண்டு.

"மைனஸ் சர்க்கரைன்னா என்னய்யா? நம்ம மில்லுல இருக்க சர்க்கரையையும் சேத்து உறிஞ்சிருமோ?"ன்னாரு மேனேஜர்.

நடராஜன் மெஷினோட கண்ணாடியைத் துடைச்சாரு. பல்பை மாத்தினாரு. திரும்ப வச்சாரு. மைனஸ் மூணு!

"பெட்டியைக் கட்டும்யா."

ஏசி ரூம்ல நடராஜனுக்குச் சட்டையெல்லாம் நனைஞ்சுட்டு. "பஞ்சு என்னவோ பட்டு மாதிரி மினுங்குதே சார்..."னு முனங்குதாரு. ஒரு மாசம் ராப்பகலா உழைச்ச மனுசன். இதுக்கு மேல மறைக்க எனக்கு மனசு வரல.

"சார்... அது மெத்தைக் கடைப் பஞ்சு. ஏழாம் நம்பரை ஆடு தின்னுட்டு."



நடராஜன் திட்டுவாருன்னு பாத்தா, துள்ளுதாரு! "அய்யோ, இலவம்பஞ்சா! சார், மெஷினுக்கு நாம பருத்தியை மட்டும்தான பழக்கியிருக்கோம்? அது இலவம்பஞ்சை எங்க கண்டுச்சு? மெஷின் நல்லா இருக்கு சார்!"

"மெஷினு சரி. இந்தப் பொண்ணு?"ன்னாரு மேனேஜர்.



என்னை அவரோட கார்லயே குடோனுக்குத் திருப்பி அனுப்பினாரு. புது ஏழாம் நம்பரை மடியில கட்டிப் பிடிச்சுக்கிட்டு வந்தேன். நாலு அடிக்கும் முன்ன மிச்சப் பைகளோட மெஷின்ல வச்சா, பத்துலயும் அதுலதான் சர்க்கரை கூட. ராத்திரி வரைக்கும் உக்காந்து அலசிக் காய்ச்சியும் பாத்தோம், அதேதான். அந்த லாட்டு மட்டும் வேண்டாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு. மெஷினும் தங்குச்சு, நடராஜன் மானமும் தப்பிச்சுது, ஒரு வழியா என் வேலையும்.

மறுநாள் லேப் பாரத்துல மேனேஜர் தன் கையாலயே புதுசா ஒரு கட்டம் போட்டிருந்தாரு: "இது பருத்திதானா?" அதுக்கு நேரா தினமும் கையெழுத்துப் போட்டது, பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிச்ச நான்தான்.