முதுகலைக்குப் பூக்கட்டிப் பார்த்தது

இறைவனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்கும்போது கையில் கற்கண்டு மட்டும் இருக்கக் கூடாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஜோர்ஜ் டவுன் கோயிலொன்றில், ஊர் பார்க்க இதைக் கற்றுக்கொண்டேன்.

அப்போது நான் பள்ளி ஆசிரியை. என் தங்கை மகள் அபிராமிக்கு ஐந்து வயது, பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்றார் மருத்துவர். அதற்குமேல் விளக்க எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஆகவே நானே படித்து வருவதென்று வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தேன். இரண்டு பல்கலைக்கழகங்கள் இடம் தந்தன. ஒன்றில் நடத்தைப் பகுப்பாய்வு: ஒரு செயலுக்கு முன்னும் பின்னும் நடப்பதைக் கவனித்து, பரிசு தந்து நல்ல பழக்கங்களை வளர்ப்பது. மற்றொன்றில் ஆட்டிசக் கல்வி: அக்குழந்தை உலகை உணரும் விதமறிந்து வகுப்பறையை அமைப்பது. வாரக் கடைசிக்குள் பதில் எழுத வேண்டும். தவறாகத் தேர்ந்துவிட்டால் அபிராமியின் வளரும் பருவமல்லவா வீணாகும்?

நாள்தோறும் பதிகம் ஓதுகிறவள், பூக்கட்டிப் பார்க்கத் துணிந்தேன். சிவப்புப் பூ ஒரு படிப்புக்கு, வெள்ளைப் பூ மற்றொன்றுக்கு; இரண்டையும் பொட்டலமாக்கிச் சன்னிதியில் வைத்து, ஒரு குழந்தையிடம் ஒன்றை எடுக்கச் சொல்வது; வரும் பூவே இறைவனின் பதில். (அடியார்கள் இறைவனிடம் கண் கேட்டார்கள், பொன் கேட்டார்கள், பாடத்திட்டம் கேட்டவள் நான் ஒருத்தியே.)

கடலுக்கு அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரிப் படகில் அபிராமியை அழைத்து வந்த தங்கை தயங்கினாள்.

"அக்கா, இவ சொன்னா கேக்க மாட்டா லா. வேற பிள்ளையக் கூப்பிடுங்க."

"இவளுக்காகப் படிக்கப் போறேன். இவதான் எடுக்கணும்," என்றேன், பெருமிதத்துடன்.

அபிராமி பொட்டலங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே ஓடிக் கோயில் மணிக்கயிற்றை இழுத்தாள். பதறிய நான், அவளை அமைதிப்படுத்த என் பையிலிருந்து ஒரு கற்கண்டு எடுத்துக் கொடுத்தேன். தின்றாள்; மறுபடியும் இழுத்தாள். மறுபடியும் கொடுத்தேன். (விண்ணப்பித்த படிப்பின் முதல் பாடமே இதுதான் என்பது மண்டையில் ஏறவில்லை.) பூசை தொடங்கிவிட்டதென்று தெருவில் போனவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கைகூப்பி நின்றார்கள். மடப்பள்ளியிலிருந்து குருக்கள் ஈரக்கையோடு ஓடி வந்தார்.

"என்ன டீச்சர் இது? பொங்கல் இன்னும் அடுப்புல இருக்கே!"

தங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அக்கா, நீங்க இவளப் பழக்கல. இவதான் உங்களப் பழக்கிட்டா. மணி அடிச்சா உங்க கை தானா பைக்குள்ள போகுது பாருங்க லா!"

உண்மைதான். கை பைக்குள்தான் இருந்தது. கற்கண்டுதான் தீர்ந்திருந்தது.

அபிராமி மணியை அடித்தாள், காத்திருந்தாள், ஒன்றும் வரவில்லை. கயிற்றை விட்டு என்னிடம் வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துப் பையின்மேல் வைத்து, என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

தங்கையின் சிரிப்பு நின்றது. குருக்கள் உள்ளே போய், கைநிறையக் கற்கண்டு கொண்டுவந்தார்.

பொட்டலங்கள் கூட்டத்தின் காலடியில் நசுங்கிக் கிடந்தன. எது சிவப்பு, எது வெள்ளை என்று நான் பார்க்கவேயில்லை. மறுநாளே நடத்தைப் பகுப்பாய்வுக்குச் சம்மதம் எழுதினேன். மற்றப் படிப்பை, திரும்பி வந்தபின், அபிராமியே எனக்குப் பொறுமையாகக் கற்பித்தாள்.

முப்பதைத் தாண்டிய அபிராமி இன்று சில சொற்கள் பேசுகிறாள். இப்போது நாங்கள் ஒன்றாக இருக்கும் வீட்டில் மாலைப் பூசைக்கு மணி அடிப்பவள் அவளே. பூசை முடிந்ததும் எல்லோருக்கும் திருநீறு தருவாள். எனக்கு மட்டும் கூடவே ஒரு கற்கண்டு. (சர்க்கரை நோய் இருப்பதை அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.)

"அக்கா, கைய நீட்டிட்டீங்களா?" என்று தங்கை ஒவ்வொரு மாலையும் கேட்கிறாள்.

மணியோசை கேட்டவுடனே நீட்டியிருப்பேன்.