ராஜாவுக்கு ஜோடி கிடையாது

ஆலங்குடி,
வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆலங்குடி ஞானமேரி எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாலு ராஜாக்களைத் தவிர மற்ற எல்லாரும் சுகம்.

இன்று காலை எழுந்ததும், பல்கூடத் துலக்காமல், நான் செய்த முதல் காரியம் தங்கள் பத்திரிகையின் மாதர் பகுதியில் வந்த 'கோபுர ஆட்ட'த்தை ஆடிப் பார்த்தது. பெண்கள் பள்ளியில் கணக்குச் சொல்லித்தருகிற, நாற்பத்திரண்டு வயதான ஒருத்தி, கோயிலில் பூசைக்கு மணி அடிக்கிற நேரத்தில் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள் என்றால், அதற்கு முழுப் பொறுப்பும் தங்கள் அச்சுக்கூடத்தையே சேரும்.

ஆட்டம் தங்களுக்கே மறந்திருக்கலாம், ஆகையால் சொல்கிறேன். ஒருவராகவே ஆடுவது. தலையில் ஒரு சீட்டு, அதன் அடி விளிம்பை மூடினாற்போல் இரண்டு, அதற்கும் கீழே மூன்று, இப்படி ஏழு வரிசை, எல்லாம் முகம் தெரியும்படி. மிச்சச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். வேறு சீட்டு மூடாத இரண்டைக் கூட்டிப் பதின்மூன்று வந்தால், ஜோடியாக எடுத்து வெளியே வைத்துவிடலாம். பத்தும் மூன்றும், ஒன்பதும் நாலும் என்று. ஏஸ் ஒன்று, ஜாக்கி பதினொன்று, ராணி பன்னிரண்டு, ராஜா பதின்மூன்று. கோபுரம் காலியானால் ஜெயம். தாங்கள் அச்சிட்டது இவ்வளவுதான். ராஜாவோடு எதைக் கூட்டினால் பதின்மூன்று வரும் என்று ஒரு வார்த்தை இல்லை. பூச்சியம் போட்ட சீட்டை எந்தக் கட்டிலும் நான் பார்த்ததில்லை. ஆக, நாலு ராஜாவும் கோபுரத்துக்குள் வராமல் கையிலேயே தங்கினால் உண்டு. இல்லாவிட்டால் ஜெயிக்க வழியே கிடையாது.

இதில் உமக்கென்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். என் அண்ணன் அடைக்கலம் முந்திரி வியாபாரி. பத்திரிகையில் வந்ததையெல்லாம் வேதம் என்று நம்புகிறவர். எனக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. குளத்தூரில் ரைஸ் மில் வைத்திருக்கும் சவரிமுத்து, மனைவியை இழந்தவர், மூன்று பையன்கள். சரியென்று சொல்லவும் அண்ணனுக்குப் பயம், வேண்டாமென்று சொல்லவும் பயம். யாரிடமாவது குறி கேட்கலாமென்றால், ஜாதகம் ஜோசியம் என்று போகிறவர்களைப் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் ஆனால் முகத்தைப் பார்த்துத் திட்டுகிறார். அந்தச் சமயத்தில்தான் தங்கள் ஆட்டம் வந்து சேர்ந்தது. சீட்டு ஜோசியம் ஆகாது, அதுவும் மாதர் பகுதியில் வந்தது எப்படிப் பாவமாகும் என்று அண்ணன் முடிவு கட்டினார். ஒரு தடவை கோபுரம் காலியானால் ஆண்டவர் சித்தம், கல்யாணம் நடக்கும். பக்கத்தைக் கத்தரித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு தினம் காலையில், முந்திரிப் பருப்பை ரகம் பிரிக்கிற அதே விரலால் அடுக்குகிறார். தினமும் ஏதாவதொரு ராஜா நடுவில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேனென்கிறார். மதினி ஒருநாள் அந்தோணியாருக்கு மெழுகுதிரிகூட நேர்ந்துகொண்டாள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சீட்டைக் கலைத்துக் கொடுக்க மட்டும் கூப்பிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சவரிமுத்து தானே பஸ்ஸேறி வந்துவிட்டார். மில் சத்தத்தில் பேசிப் பேசி அவருக்கு மெல்லப் பேச வராது. டீச்சரம்மா வந்தால் பையன்களுக்கு டியூசன் ஆச்சு, வெளியே வேலைக்குப் போகிற அலைச்சலும் வேண்டியதில்லை என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அண்ணன் தலையாட்டிக்கொண்டே அடுக்கினார். நாலாவது வரிசையில் சிவப்பு ஆட்டின் ராஜா வழக்கம்போல உட்கார்ந்துகொண்டது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சவரிமுத்து பொறுமையிழந்துவிட்டார்.

"என்ன மச்சான், இதுக்குப் போயி முழிக்கிறீங்க? ராஜாவுக்கு எதுக்கு ஜோடி? அவன் பாட்டுக்குத் தனியாப் போவான்."

சொல்லிவிட்டு ராஜாவைக் கட்டைவிரலால் சுண்டித் தரையில் தள்ளினார். அண்ணன் குனிந்து எடுத்து, வேட்டியில் துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தார்.

"விதியில இல்லீங்களே."

அடுப்படியில் என் பக்கத்தில் நின்ற மதினி, கல்யாணம் நடக்க வேண்டுமென்று மெழுகுதிரி நேர்ந்தவள்தான், ஆனாலும் அவளால் வாயை அடக்க முடியவில்லை. "ஜோடி வேணாம்னா, இவரு எதுக்கு இங்கிட்டு வந்தாராம்?" என்றாள் காதோடு. காப்பியை நான் கொஞ்சம் சிந்திவிட்டேன்.

சிரிப்பு அடங்கிய பிறகு, அவர் சொன்னது மட்டும் எனக்குள் நின்றுவிட்டது. பதின்மூன்று ஏற்கெனவே பதின்மூன்றுதானே. அதோடு எதைக் கூட்டுவது? இந்த வீட்டில் கணக்குப் படித்தவள் நான். கண்டுபிடித்தவர் நெல் அரைக்கிறவர். இன்று காலை அவர் சொன்னபடியே ராஜாக்களைத் தனியே அனுப்பி ஆடினேன். முதல் ஆட்டத்திலேயே கோபுரம் காலி. அண்ணன் கணக்குப்படி நான் அப்போதே குளத்தூர் போய்ச் சேர்ந்தாயிற்று.

ஆகவே, 'ராஜா தனியே போகலாம்' என்ற வரி விடுபட்டுப்போனதை வரும் இதழிலேயே பெரிய எழுத்தில் திருத்தி வெளியிட வேண்டும், அச்சுக் கோப்பவரையும் கண்டித்து வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கல்யாண விஷயத்தில் எனக்கென்று தனி அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. பெரியவர்கள் பார்த்துச் செய்வதற்குக் கட்டுப்பட்டவள். தங்கள் வீட்டாருக்கும் அலுவலகத்தில் உள்ளவர்களுக்கும் என் ஸ்தோத்திரத்தைச் சொல்லவும். மாதாவின் துணை தங்களுக்கு எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஞானமேரி, பி.ஏ., எல்.டி.

பி.கு.: திருத்தத்துக்கு அவசரமில்லை, வெளியிடாவிட்டாலும் குற்றமில்லை. அச்சுக் கோப்பவரைக் கண்டிக்க வேண்டாம். முடிந்தால் என் நன்றியைச் சொல்லுங்கள். தனி அபிப்பிராயம் இல்லை என்று எழுதியதை அடித்துவிடவும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பதில் கேட்க அவர் மறுபடி வருகிறார். அண்ணன் அடுக்கும்போது கட்டில் இஸ்பேட் ராணி இருக்காது. கலைத்துக் கொடுக்கும்போதே அது என் கைப்பைக்குள் போயிருக்கும். சீட்டுக் குறைகிறதே என்று அண்ணன் தேடுவார். அப்போது நான் அதை எடுத்து எல்லார் முன்னாலும் மேசையில் வைத்து, "இதுவும் தனியாத்தாண்ணே போகும்" என்று சொல்லப்போகிறேன். வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.