உள்ளங்கைக் கம்ப்யூட்டரும் ஒழுகாத குழாயும்

இனி மனைவியின் போனுக்காகக் கையேந்துவதில்லை என்ற சபதத்தோடுதான் நம் ஆள் அன்று வீடு திரும்பினார். ஐஸ் ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட். பையில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கம்ப்யூட்டர். சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைப் பலகை, நாலு ஓட்டை, ஒரு குட்டி விளக்கு, அவ்வளவுதான். அதை ஹால் டிவியில் மாட்டி ஒரு பிரவுசரைப் போட்டுவிட்டால், எந்தக் கப்பல் எந்தக் கடலில் போகிறது என்று மதியமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஊர் விழித்திருக்கும்போது தூங்குகிற மனுஷனுக்கு, உலகம் நகர்கிறது என்பதற்கு ஏதாவது அத்தாட்சி வேண்டாமா?

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. எந்த மாத்திரை அட்டையை எடுத்தாலும் கண் முதலில் தேதிக்குத்தான் போகும். மதியச் சாப்பாட்டுக்கு வந்தால் டிவி தொடர்தான் அவளுக்கு உயிர். சண்டைக்குத் தயாராக நின்றவரை அவள் ஏமாற்றினாள்.

“டிவிய தாராளமா எடுத்துக்குங்க. ஆனா ஒரு பக்கமாவது திறக்கணும். திறக்காத அன்னைக்கு நான் சொல்ற வேலையைச் செய்யணும்.”

“அரைமணி நேர வேலைம்மா இது.”

சின்ன மெஷின், மூச்சு வாங்குமே என்று இரக்கப்பட்டு, உள்ளே ஓடிய புரோகிராம்களில் தேவையில்லை என்று பட்டதையெல்லாம் முதலில் நிறுத்தினார். கம்ப்யூட்டரைத் தானாகப் படித்தவர், நிறுத்தியதும் தன்னிச்சையாகத்தான். பிறகு பிரவுசரைப் போட்டார். சமர்த்தாக ஏறியது. கப்பல் பக்கத்தைக் கேட்டார். ‘பாதுகாப்பான இணைப்பு இல்லை’ என்று முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியது.

அன்று, ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினார்.

மறுநாள் பிரவுசரை அழித்துத் திரும்பப் போட்டார். அதே பதில். பரண் சுத்தமானது. அடுத்து வேறொரு பிரவுசர். ஜன்னல் கொக்கி சரியானது. கடலில் ஒரு தோணியைக்கூடக் காணோம். வீட்டிலோ ஒழுகியது நின்றது, கிறீச்சிட்டது அடங்கியது, ஃபேன் கண்ணாடி போல மின்னியது. அவளோ தன் தொடரைப் போனிலேயே பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இப்படி ஒருத்தி யாருக்கு வாய்ப்பாள் என்று அவருக்கு நெஞ்சே இளகிவிட்டது.

வீட்டில் இனிச் செய்ய வேலையே இல்லை என்றான அன்று, டீயை நீட்டியவள் போகிறபோக்கில் கேட்டாள்.

“ஏங்க, அந்த டிவி மூலையில தேதி ஏன் போன வருஷத்துல நிக்குது?”

பார்த்தார். நின்றுதான் இருந்தது. அந்தப் பலகைக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. நெட்டில் கேட்டுத்தான் நேரம் தெரிந்துகொள்ளும். அப்படிக் கேட்கிற புரோகிராமின் வாயை முதல் நாளே இரக்கப்பட்டு அடைத்தது இவர்தான். போன வருஷத்தில் உட்கார்ந்திருக்கிற மெஷினுக்கு இன்றைய பக்கமெல்லாம் போலியாகத்தானே தெரியும்?

அந்த வாயைத் திறந்துவிட்டார். நீலத்திரையில் எறும்புச் சாரை போலக் கப்பல்கள் கிளம்பின. அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மனசு நிறைந்துபோய்க் கேட்டார்.

“நானே கவனிக்கல. நீ எப்ப பார்த்த?”

அவள் கப்பல்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“குழாய் ஒழுகிட்டிருந்தப்பவே.”